பச்சைப் பேனை

மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ எண்டு சங்கத்துத் தம்பி மூண்டு தரம் போன் எடுத்திட்டார், எனக்கு ஞாபகத்தில வந்தது எங்கட வகுப்புக்குப் பிடிச்ச பச்சைப் பேனை வருத்தம்தான்.

உயர்தரம் படிக்கேக்க எங்களோட ஒருத்தன் (பேர் வேண்டாம், இதை வாசிப்பான்) எல்லாச் சோதினையிலயும் முதலாம் பிள்ளை. பின் வாங்கில இருந்து பாத்தா அவன்ர கொப்பியின்ர வலப்பக்கம் முழுக்கப் பச்சை எழுத்துத் தெரியும். விஷயம் அதுதான் எண்டு நாங்களே முடிவெடுத்து, ஆளாளுக்குப் பச்சைப் பேனை வாங்கி, தலைப்பெல்லாம் பச்சையில எழுதி, கோடும் பச்சையில கீறி, அவன் மாதிரியே பேனை மூடியைக் கடிச்சுக்கொண்டு இருந்தனாங்கள். அடுத்த சோதினையில எனக்கு நாலு மாக்ஸ் குறைவு.

வெளிநாடு வந்தாப்பிறகுதான் அமெரிக்கப் பௌதிகவியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் 1974இல கால்டெக் எண்ட கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பில பேசினதை வாசிச்சன். இரண்டாம் உலகப் போர் நேரம் பசிபிக் தீவுகளில பிளேன்கள் சாமான் சாமானாக் கொண்டுவந்து இறக்கினது, போர் முடிய எல்லாம் நிண்டுபோச்சு. பிளேன் திரும்ப வரும் எண்டு தீவுச் சனம் ஓடுபாதை மாதிரி ஒண்டு போட்டு, ரெண்டு பக்கமும் நெருப்பு மூட்டி, குடிலுக்குள்ள ஒராள் மரத்துண்டை ஹெட்போனா மாட்டிக்கொண்டு, மூங்கிலை அன்டெனாவா நீட்டிக்கொண்டு இருக்குது, பிளேன் வரேல்ல. வாசிக்க எனக்குப் பேனை மூடியின்ர பிளாஸ்டிக் ருசி வாயில வந்துது.

ஆனா அந்தச் சனத்தைப் பாத்துச் சிரிக்க மனம் வரேல்ல. பசிபிக் நாடான வனுவாட்டுவின்ர தன்னா தீவில, ஜோன் ஃப்ரம் எண்டொருத்தர் சாமானோட வருவார் எண்டு நம்புற இயக்கம் அமெரிக்கன் ஆமி வரமுதலே தொடங்கினது, 1941இல சனம் கூட்டமா மிஷன் கோயில்களை விட்டு வெளிக்கிட்டது, வெள்ளைக்காரரில இருந்த கோபமும் அதுக்குள்ள கிடக்கு, ஃபைன்மன் அதுக்குள்ள போகேல்ல. இப்பவும் பெப்ரவரி 15இல நெஞ்சில யூஎஸ்ஏ எண்டு எழுதி மூங்கில் துவக்கோட அணிவகுப்பு நடக்கும். சாமான் செய்யிற ஃபாக்டரியை அதுகள் கண்ணாலயும் கண்டதில்லை. எங்களுக்கு அந்தச் சாட்டும் இல்லை, ஃபாக்டரி ரெண்டு வாங்கு முன்னால இருந்தது.

அந்தக் கொப்பியை முதல்தரம் கையில தொட்டது சோதினை எல்லாம் முடிஞ்சு, தம்பிக்குக் குடு எண்டு அவன் தந்தநேரம். பச்சையில இருந்தது விடை இல்லை. பிழைவிட்ட ஒவ்வொரு கணக்குக்கும் பக்கத்தில, தான் என்னத்தை நினைச்சுப் பிழைவிட்டவன் எண்டு எழுதி வச்சிருக்கிறான். "உராய்வு எப்பவும் போற திசைக்கு எதிர் எண்டு நினைச்சிட்டன். நடக்கேக்க முன்னுக்குத் தள்ளுறதே உராய்வுதானே."

அதே கணக்கை நானும் பிழைவிட்டனான். சேர் போர்டில சரியான விடையைப் போட, ஒரு எழுத்துப் பிசகாமப் பாத்து, பச்சையில எழுதி வச்சனான்.