இறுக்க மறுத்த நட்டு

"ஆட்டத்த நிறுத்த முடியும். மேல இருக்குற நட்ட இன்னும் அரைச் சுத்து இறுக்கினா நின்னுடும். ஆனா நான் இறுக்க மாட்டேங்க." மோட்டார் சைக்கிளின் ஹேண்டில்பார் ஆடுவதை நிறுத்தித் தரச் சொல்லி என் பட்டறைக்கு வந்த மீன் வியாபாரியிடம் நான் சொன்ன பதில் இதுதான். மூன்று வாக்கியங்களில் கடைசி வாக்கியத்தைப் பற்றி எனக்குப் பெரிய சஞ்சலம் இல்லை. நடுவில் உள்ளதை ஏன் சொன்னேன் என்பதுதான் வேலை ஓய்ந்த நேரங்களில் மனத்தில் வந்து நிற்கிறது. கேட்டவருக்கு உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதான் சொன்னேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டு, வேறு பட்டறைக்குப் போய், அந்த நட்டையே இறுக்கிக்கொண்டார்.

நாகப்பட்டினம் துறைமுகத்தில் விடியுமுன் மீன் எடுத்து, சிக்கல், கீழ்வேளூர் வழியாக வந்து, திருவாரூரைச் சுற்றியுள்ள உள்கிராமங்களில் விற்பவர் அவர். வண்டி 100 சிசி. ஸ்போக் சக்கரம், முன்னால் டிரம் பிரேக், பின்னால் பற்றவைத்த இரும்பு ஸ்டாண்டில் ஐஸ் பெட்டி. சாலையில் 50-இல் வந்து, ஊர் நெருங்கியதும் ஆக்சிலரேட்டரைத் தளர்த்தினால், வேகம் 40-க்கு இறங்கும் வரை ஹேண்டில்பார் உதறுகிறது என்பது அவருடைய புகார். இரண்டு கைகளாலும் பிடித்தால் அடங்கிவிடுகிறது. ஒரு கையை எடுத்தால் உதறுகிறது. கையை ஏன் எடுக்கிறீர்கள் என்று கேட்பதற்கு இடமில்லை. ஊருக்குள் நுழையும்போது ரப்பர் பந்து ஹாரனை அமுக்கிக்கொண்டே வந்தால்தான் வீட்டுக்குள் இருப்பவர்கள் பாத்திரத்தோடு வாசலுக்கு வருவார்கள். வேகம் குறையும் இடமும் கை எடுக்கும் இடமும் அவருக்கு எப்போதும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

முன்பக்க ஆட்டத்துக்குக் காரணம் தேடும்போது, எப்போது ஆடுகிறது, எப்போது ஆடவில்லை என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும் என்பது என் பழக்கம். பிரேக் பிடிக்கும்போது மட்டும் அதிர்ந்தால் டிரம்மையோ டிஸ்க்கையோ பார்க்க வேண்டும். வண்டி முழுவதும் மெதுவாக, பாம்பு நெளிவதாக அசைந்தால் பின்பக்கத்தில் தேட வேண்டும். வேகம் இறங்கும்போது, கைப்பிடி தளரும்போது ஹேண்டில்பார் மட்டும் படபடவென்று உதறினால், கோன் செட் (ஹேண்டில்பார் திரும்பும் கழுத்தில், மேலுள்ள நட்டால் இறுக்கப்படும் பேரிங்), முன் டயர், சக்கரத்தின் கோட்டம், பின்னால் ஏற்றிய பாரம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். ஒரே நேரத்தில் நான்கையும் மாற்றிவிட்டு ஆட்டம் போய்விட்டது என்று சொல்பவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எதனால் போனது என்று அவருக்கும் தெரியாது, வண்டிக்காரருக்கும் தெரியாது.

எஞ்சினுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து முன்சக்கரத்தைத் தூக்கி, ஃபோர்க்கின் கீழ் முனைகள் இரண்டையும் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தபோது 'டக்'கென்று ஒரு தட்டல் கையில் தெரிந்தது. ஹேண்டில்பாரை இரண்டு விரலால் மெல்லத் திருப்பினேன். நேராக வரும் இடத்தில் அது ஒரு குழியில் விழுந்து நின்றது. பிரித்துப் பார்த்தால், கீழ் ரேஸில், அதாவது பேரிங் குண்டுகள் உருளும் கீழ் வளையத்தில், பால்ஸ் உட்கார்ந்த இடமெல்லாம் வரிசையாகப் பள்ளம். நகத்தை ஓட்டினால் ஒவ்வொன்றிலும் தடுக்கியது. வண்டி பெரும்பாலும் நேராகத்தான் போகிறது, எனவே சாலைப் பள்ளங்களின் அடி அத்தனையும் ரேஸின் அதே இடங்களில் விழுகிறது. எடையைத் தாங்குவதும் கீழ் ரேஸ்தான். புது கோன் செட் போட்டு, கிரீஸ் வைத்து, தட்டல் நீங்கி, ஹேண்டில்பார் தன் எடையிலேயே இரு பக்கமும் தடையின்றிச் சாயும் அளவுக்கு நட்டை வைத்தேன். ஐஸ் பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புத் தண்ணீரில், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் அரித்துப் போயிருந்தது, அதையும் மாற்றினோம். சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்தோம். முன் டயரை மட்டும் தொடவில்லை. உள்ளங்கையை அதன் மேல் ஒரு திசையில் ஓட்டினால் வழுவழுப்பாக இருந்தது. எதிர்த்திசையில் ஓட்டினால் ஒவ்வொரு பட்டையின் விளிம்பும் விரலில் இடறியது. மாற்றச் சொன்னேன். தடைக்காலம் முடிந்து முதல் ஏற்றம் இப்போதுதான், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நாட்டுப்படகு மீனையும் குளத்துக் கெண்டையையும் வைத்து ஓட்டிய குடும்பம். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

பெட்டியை இறக்கிவைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தபோது வண்டி 60-இலிருந்து 30 வரை கை விட்டாலும் அசையவில்லை. மறுநாள் மீனோடு வந்து நின்றார், ஆடுகிறது என்றார். பாரத்தோடு நானே ஓட்டிப் பார்த்தேன். முன்பைவிடக் குறைவு, ஆனால் ஆடியது. என் சொந்த வண்டியின் முன்சக்கரத்தைக் கழற்றி அதில் மாட்டி ஓட்டினேன்; பாதி குறைந்தது, முழுவதும் போகவில்லை. மிச்சம் எங்கே இருக்கிறது என்பது அப்போது தெளிவாகிவிட்டது. பெட்டியின் நடுப்பகுதி பின் அச்சுக்கு ஓரடி பின்னால் இருந்தது. மீனும் ஐஸும் சேர்ந்து 60 கிலோ என்று வைத்துக்கொண்டால், இந்த அளவு வண்டியில் முன்சக்கரத்தின் மேலிருந்து கிட்டத்தட்ட 15 கிலோவை அது எடுத்துவிடுகிறது. தண்ணீர் இறைக்கும் ஏற்றத்தின் மரத்தில் ஆள் பின்பக்கம் நகர முன்பக்கம் எழுவது போல, பெட்டி பின்னுக்குப் போகப் போக முன்சக்கரம் சாலையை அழுத்துவது குறைகிறது. பாரமில்லாத வண்டியில் அடங்கிக் கிடந்த உதறலை, பின்னால் தொங்கும் பாரமும் தேய்ந்த டயரும் சேர்ந்து எழுப்பிவிடுகின்றன.

பெட்டியை ஒரு சாண் முன்னால் தள்ளிப் பற்றவைத்து, டயரையும் மாற்றினால் சரியாகிவிடும் என்றேன்.

"ஒரு சாண் தள்ளினா நான் எங்கண்ணே உட்கார்றது, டேங்க் மேலயா?" என்றார். நியாயமான கேள்வி. அவருடைய உடலுக்கு அந்த சீட்டில் மிஞ்சிய இடமே கொஞ்சம்தான். ஐஸ் கரைந்துகொண்டிருந்தது, வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவர் கேட்டார்: "எனக்கு அதெல்லாம் புரியலண்ணே. ஆட்டம் நிக்கணும். உங்களால நிறுத்த முடியுமா, முடியாதா?"

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அது பொய். கோன் நட்டை அளவுக்கு மேல் இறுக்கினால் உராய்வு கூடி, ஹேண்டில்பார் தானாக உதறாது. இது பட்டறையில் வேலை பழகும் பையனுக்குக்கூடத் தெரியும். ஆனால் அந்த உராய்வு உதறலை மட்டும் நிறுத்துவதில்லை. இருசக்கர வண்டி சாயும் பக்கம் முன்சக்கரம் தானே சற்றுத் திரும்பிச் சாய்வை ஈடுகட்டுகிறது; நாம் அறியாமலே நொடிக்கு நொடி நடக்கும் இந்தத் திருத்தம்தான் வண்டியை நிமிர்த்தி வைக்கிறது. கோன் இறுகிவிட்டால் இது தடைபடும். மெதுவாகப் போகும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்து, திருத்தினால் மறு பக்கம் போகும். அவர் போவது வாய்க்கால் கரைப் பாதைகளில். ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் வயல், எதிரே டிராக்டர். டிப்ளமோ படித்த காலத்தில் எங்கள் ஆசிரியர் ஒருவர் ராபின் ஷார்ப் என்பவர் 1971-இல் எழுதிய ஆய்வைச் சொல்லிக்கொடுத்தார். மோட்டார் சைக்கிளின் அசைவைக் கணக்காகப் போட்டு, முன்பக்கம் மட்டும் வேகமாக உதறுவதையும் வண்டி முழுவதும் மெதுவாக நெளிவதையும் அதில் அவர் பிரித்துக் காட்டினார். ஸ்டியரிங்கில் அசைவைத் தணிக்கும் டேம்பர் வைத்தால் உதறல் அடங்கும், வேகம் கூடும்போது நெளிவு மோசமாகும் என்பது அந்தக் கணக்கின் முடிவுகளில் ஒன்று. இறுக்கிய நட்டு ஒழுங்கான டேம்பர்கூட இல்லை. அதோடு, உதறல் வண்டி தரும் எச்சரிக்கை. அதை அடக்கிவிட்டால் டயர் இன்னும் தேயும், பாரம் இன்னும் கூடும், ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாது. இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் இறுக்க மாட்டேன் என்றேன். இதை எழுதும்போதும் அது சரியென்றே படுகிறது.

ஆனால் இவ்வளவையும் நான் அவரிடம் சொன்னேனா என்றால், பாதிகூடச் சொல்லவில்லை. வாய்க்கால் கரையைச் சொன்னேன். வண்டி இழுக்கும் என்று சொன்னேன். அவர் பெட்டியின் மூடியைத் தூக்கி ஐஸைப் பார்த்துக்கொண்டே கேட்டார். எவ்வளவு ஆச்சு என்று கேட்டு, முன்பு செய்த வேலைக்கு நின்ற பாக்கியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். கோபமாகப் போகவில்லை, கோபித்திருந்தால் பதிலுக்கு நானும் கொஞ்சம் பேசியிருப்பேன்.

அவர் போனதும் பையன் சொன்னான்: "நீங்க இறுக்கலன்னா வேற யாராச்சும் இறுக்கத்தான் போறாங்கண்ணே. நீங்க இறுக்கியிருந்தா எவ்வளவுன்னாவது நமக்குத் தெரிஞ்சிருக்கும்."

வேறொருவன் செய்வான் என்பதற்காக நாம் செய்யலாம் என்றால் பட்டறையில் எதையும் மறுக்க முடியாது என்று அப்போது அவனுக்குப் பதில் சொன்னேன். அந்தப் பதிலில் எனக்கு இப்போதும் நம்பிக்கை உண்டு. ஆனால் அவன் சொன்னதில் இரண்டாவது பாதிக்கு நான் பதில் சொல்லவில்லை. சில வண்டிகளின் சர்வீஸ் கையேடுகளில், ஃபோர்க்கில் வில் தராசை மாட்டி இழுத்து, ஹேண்டில்பார் நகரத் தொடங்கும்போது தராசு காட்டும் எடை இந்த எல்லைக்குள் இருக்க வேண்டும் என்று கொடுத்திருப்பார்கள். அது ஒரே எண் அல்ல, கீழ் எல்லையும் மேல் எல்லையும் உள்ளது. நான் வைத்த அளவு கைப்பழக்கத்தில் வைத்தது; அனேகமாகக் கீழ் எல்லையை ஒட்டியே இருந்திருக்கும், ஏனென்றால் இறுகிய கோனைவிடத் தளர்ந்த கோனையே நான் பொறுத்துக்கொள்வேன். அரைச் சுற்று அதிகம் என்பது உறுதி. எட்டில் ஒரு சுற்று? அதில் ஆட்டம் முழுவதும் நின்றிருக்காது. இரண்டு கையும் ஒரு கையும் ஒன்றாகும் அளவுக்குக் குறைந்திருக்கலாம். அவரிடம் தராசு இருந்தது, கண்ணெதிரே பெட்டியின் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அது வேறு வகை யோசனை; எதிரே ஒருவர் முடியுமா முடியாதா என்று கேட்டு நிற்கும்போது வருவதில்லை. அளவுக்குள் இறுக்கிக் கொடுத்திருந்தாலும், 'இறுக்கினால் நிற்கிறது' என்ற பாடத்தைத்தான் அவர் எடுத்துக்கொண்டு போயிருப்பார், அடுத்த முறை இன்னும் கொஞ்சம் என்றுதான் கேட்டிருப்பார் என்றும் தோன்றுகிறது. இப்படி இரண்டு பக்கமும் வாதம் ஓடுகிறது.

கொஞ்ச காலம் கழித்து பெட்ரோல் பங்க்கில் அவரைப் பார்த்தேன். "இப்ப ஆடவே இல்லண்ணே" என்று முகம் மலர்ந்து சொன்னார். என்னைக் குத்திக்காட்ட அல்ல. தன் சந்தோஷத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் தொனியில்தான் சொன்னார். பேசிக்கொண்டே நான் ஹேண்டில்பாரில் கை வைத்துத் திருப்பினேன். திருப்பிய இடத்திலேயே நின்றது; திரும்பக் கொண்டுவர மணிக்கட்டால் தள்ள வேண்டியிருந்தது. முன் டயர் பழையதுதான், பெட்டியும் பழைய இடத்தில்தான். மெதுவாகப் போகும்போது வண்டி இழுக்கவில்லையா என்று கேட்டேன். பாரம் ஏற்றினால் எந்த வண்டியும் அப்படித்தானே என்றார். காசு வேண்டாம், ஒரு முறை கொண்டுவாருங்கள், கோனைப் பார்த்துவிடலாம் என்றேன். வருகிறேன் என்றவர் இன்னும் வரவில்லை.

அவரிடம் அங்கேயே வைத்து மீண்டும் எல்லாவற்றையும் விளக்கியிருக்கலாம். பின்னால் வரிசை நின்றது என்பது உண்மை. அது ஒரு சாக்கும்கூட. தீர்ந்துவிட்டதென்று ஒருவர் நம்பும் குறையைத் தீரவில்லை என்று சொல்ல, அதுவும் அவர் தேடிப் போன ஆளின் வேலையைக் குறை சொல்லும் விதமாகச் சொல்ல, எனக்கு வாய் வரவில்லை. சொல்லாமல் விட்டது மரியாதையா, கை கழுவியதா என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

இப்போது பாரம் ஏற்றும் வண்டி எது வந்தாலும் பாரத்தோடுதான் ஓட்டிப் பார்க்கிறோம். இல்லையென்றால் மணல் மூட்டையாவது கட்டி ஓட்டுகிறோம். கோன் போட்டால் வில் தராசு மாட்டி இழுத்துப் பார்க்கும் வேலையைப் பையனிடம் விட்டிருக்கிறேன். ஒவ்வொரு வண்டிக்கும் வந்த எடையை அவன் ஒரு நோட்டில் எழுதிவைக்கிறான். மீன் வியாபாரியின் வண்டியில் இருக்கும் அந்த அளவு இறுக்கத்தில் புது ரேஸில் பள்ளம் விழ நெடுநாள் ஆகாது, ஹேண்டில்பார் நேர் இடத்தில் சிக்கத் தொடங்கும், அப்போது அவர் வருவார் என்பது என் கணக்கு. வந்தால் டயரை மாற்றாமல் நட்டைத் தொடுவதில்லை, பணம் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்பதில் நானும் பையனும் ஒத்துப்போகிறோம். டயர் மாற்றிய பிறகும் பாரத்தில் கொஞ்சம் ஆடினால், தராசின் மேல் எல்லை வரை போகலாம் என்கிறான் அவன். பெட்டியை நகர்த்தாமல் அதற்கும் நான் சம்மதிக்க மாட்டேன் என்று இன்றைக்குச் சொல்கிறேன். அவர் ஐஸ் பெட்டியோடு எதிரே வந்து நிற்கும்போதும் இதையே சொல்வேனா என்பது எனக்கு நிச்சயமில்லை.