யார் ஊதிப் பார்த்தது?

அமெரிக்காவின் லூசியானாவில், மன்ரோ நகரத்தில் வேலை பார்த்த காலம். பக்கத்துக் கிராமத்தில் வேட்டைச் சாமான் விற்கும் ஒரு குடும்பத்துக்குச் சரக்குக் கணக்கு மென்பொருள் போட்டுக்கொடுக்க எங்கள் நிறுவனம் என்னை அனுப்பியது. அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள், ஒரு சித்தப்பா. கம்பெனி மொத்தமே அவ்வளவுதான்.

காட்டு வாத்தை ஏமாற்றி இறக்கும் பொம்மை வாத்து, ரப்பர் பூட்ஸ் எல்லாம் வாங்கி விற்பது. வாத்து மாதிரியே கத்தி வாத்தை அழைக்கும் ஊதல் மட்டும் சொந்தத் தயாரிப்பு. நாதஸ்வரத்துக்குச் சீவாளி மாதிரி அதற்குள்ளும் மெல்லிய பிளாஸ்டிக் நாக்கு உண்டு. அது மயிரிழை பிசகினாலும் வாத்து திரும்பிப் பார்க்காது. அதனால் ஒவ்வொன்றையும் சித்தப்பா ஊதிப் பார்த்த பிறகுதான் பெட்டியில் போடுவார்கள்.

அந்தப் பக்கம் இந்தத் தொழில் என்றாலே ராபர்ட்சன் குடும்பத்தின் பேச்சு வந்துவிடும். ஆற்றுக்கு அக்கரையில், வெஸ்ட் மன்ரோவில் இருப்பவர்கள். ஃபில் ராபர்ட்சன் கல்லூரியில் அமெரிக்கக் கால்பந்து ஆடிப் பெயர் எடுத்தவர். ஆட்டம் வாத்து வேட்டை சீசனுக்கு இடைஞ்சல் என்று அதையே விட்டவர். 1972இல் தன் ஊதலுக்குக் காப்புரிமை, அடுத்த வருடம் டக் கமாண்டர் கம்பெனி. முதல் வருட விற்பனை 8,000 டாலர் அளவுதான். 2013 ஆகஸ்டில் அவர்கள் குடும்பத்தையே காட்டிய ‘டக் டைனஸ்டி’ டிவி தொடரின் ஒரு பகுதியை 1.18 கோடி பேர் பார்த்தார்கள். அந்தத் தொடரில் பட்டறை ஆட்கள் பாதி நேரம் அரட்டைதான். “எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை” என்பார் நான் மென்பொருள் போட்டுக்கொடுத்த வீட்டு அம்மா. நவம்பரில் சீசன்; அக்டோபரில் அங்கே சாப்பிடக்கூட நேரம் இருக்காது.

என் மென்பொருளில் ‘சரிபார்த்தவர்’ என்று ஒரு கட்டம் வைத்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஒரு அக்டோபரில் ஒரு பெட்டி ஊதல் திரும்பி வந்தது. பாதிக்கு மேல் சத்தமே வரவில்லை. திரையைத் திறந்தால் மூத்த மகன் பெயர். சித்தப்பா ஊரில் இல்லாத நாளில், ஊதிப் பார்க்காமலே எல்லாவற்றுக்கும் டிக் போட்டிருக்கிறான். அப்பாவும் பார்த்துவிட்டார்.

அன்று மதியம் என்னையும் சாப்பிட உட்கார வைத்தார்கள். அரிசிச் சோறும் வாத்துக் குழம்பும். யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் சித்தப்பா, “அந்தப் பெட்டியை நான்தான் ஊதாமல் விட்டுட்டேன்” என்றார். அவர் அன்று ஊரிலேயே இல்லை என்பது அந்த மேசையில் எல்லாருக்கும் தெரியும். அப்பா, “சரி, இனிமேல் பார்த்துக்கோ” என்று தம்பியிடம் சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைய, மூத்தவன் தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை.

மறுநாள் அம்மா போன் செய்தார். அந்தக் கட்டத்தை எடுத்துவிட வேண்டுமாம்.

“தப்பு எங்கே நடந்தது என்று அப்புறம் கண்டுபிடிக்க முடியாதே” என்றேன்.

“யார் என்று எங்களுக்குத் தெரியும் தம்பி. திரையில் வேண்டாம்.”

எடுத்துவிட்டேன். காசு வாங்கிச் செய்த வசதியை ஏன் நீக்கினாய் என்று மேலாளர் கேட்டார். வாடிக்கையாளர் விருப்பம் என்று எழுதிக்கொடுத்தேன்.