பத்தாவது உறை

மார்ச் 3
நாளை மறுநாள் மேமோகிராம், மார்பை எக்ஸ்ரே எடுக்கும் சோதனை. பழைய படங்கள் உள்ள பையைப் பரணிலிருந்து இறக்கினேன். ஒன்பது உறைகள். பத்து வருஷம் முன்பு மார்பகப் புற்றுநோய்: 14 மில்லிமீட்டர் கட்டி, அக்குளில் எதுவும் இல்லை. கட்டியை மட்டும் எடுத்துவிட்டு ஐந்து வாரம் கதிர்வீச்சு, ஐந்து வருஷம் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை. அவ்வளவுதான் என் கதை.

அக்கா போன் செய்தாள். "அப்பவே முழுசா எடுத்திருந்தா வருஷா வருஷம் இந்தப் பயம் வேண்டாம்ல?" பத்து வருஷமாக இதே கேள்வி. பாசம்தான், ஆனாலும் எரிச்சல் வருகிறது.

மார்ச் 4
அவளுக்கு என்றைக்காவது பொறுமையாகச் சொல்ல வேண்டும். 1973க்கும் 1980க்கும் நடுவே இத்தாலியின் மிலனில் வெரோனேசி என்ற அறுவை மருத்துவரின் குழுவினர் 701 பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். எல்லாருக்குமே 2 சென்டிமீட்டருக்கு மேற்படாத கட்டி. ஒரு பாதிக்கு மார்பு முழுவதையும் எடுத்தார்கள். மறுபாதிக்குக் கட்டி இருந்த பகுதியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். 20 வருஷம் கழித்து எண்ணியபோது, மார்பு மிஞ்சியவர்களில் 30 பேருக்கு அதே பக்கம் மறுபடி வந்திருந்தது. முழுவதும் எடுத்தவர்களில் 8 பேருக்கு. அக்கா இதோடு நிறுத்திவிடுவாள். இறந்தவர்கள் கணக்கு? மார்பு மிஞ்சியவர்களில் 41.7 சதவீதம், முழுவதும் எடுத்தவர்களில் 41.2 சதவீதம். எல்லாக் காரணங்களும் சேர்த்து.

மார்ச் 5
எடுத்தாயிற்று. கதிர்வீச்சு வாங்கிய பக்கம் இன்னும் கெட்டியாகத்தான் இருக்கிறது, தட்டு அழுத்தும்போது தழும்பு சுண்டி இழுத்தது. குறி வைக்கக் குத்திய நீலப்புள்ளி கடுகளவு, மங்கவே இல்லை. "மூச்சைப் பிடிச்சுக்கோங்கம்மா." பிடித்தேன். ஆடை மாற்றப் போனவளைத் திரும்பக் கூப்பிட்டு அந்தப் பக்கம் மட்டும் இன்னொரு படம். ஏன் என்று கேட்டதற்கு, "டாக்டர் சொல்வாங்க."

மார்ச் 6
தூக்கம் இல்லை. ஐந்து வருஷம் தாண்டியபோது எல்லாரும் வாழ்த்தினார்கள், டாக்டர் மட்டும் சிரித்துவிட்டு, "உங்க வகை ரொம்பப் பொறுமைசாலி" என்றார். அப்புறம்தான் புரிந்தது. என்னுடையது ஹார்மோனால் வளரும் புற்றுநோய் வகை. அந்த வகையில் ஐந்து வருஷ மாத்திரையை முடித்தவர்களைப் பற்றி, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு பெரிய தொகுப்பாய்வு 2017இல் வந்தது. என்னைப் போலச் சின்னக் கட்டி, அக்குள் நிணநீர்க் கணு சுத்தம் என்று இருந்தவர்களிலேயே, 5ஆம் வருஷத்துக்கும் 20ஆம் வருஷத்துக்கும் இடையே 100க்கு 13 பேருக்கு உடம்பில் வேறெங்கோ தலைகாட்டியிருந்தது. அவர்கள் பழைய காலத்து நோயாளிகள், இப்போது குறைவாக இருக்கும். ஆனாலும் எலும்பையோ கல்லீரலையோ மேமோகிராம் பார்ப்பதில்லை. நான் வருஷா வருஷம் பூட்டிச் சரிபார்ப்பது ஒரு கதவை மட்டும்.

அந்தக் கதவும் வீண் இல்லைதான். கதிர்வீச்சு பற்றிய 2011 தொகுப்பில் 10 வருஷத்துக்குள் நாலு பேருக்குத் திரும்ப வராமல் தடுத்தால், 15ஆம் வருஷத்துக்குள் ஓர் உயிர் மிஞ்சியது.

மார்ச் 9
"தழும்பு சார்ந்த மாற்றமே. முந்தைய படங்களோடு ஒப்பிட வித்தியாசம் இல்லை." கூடுதல் படம் எடுத்தது முதல் படத்தில் நான் அசைந்துவிட்டதால்! சொல்லியிருக்கலாம்.

அக்காவிடம் சொன்னேன். அழுதாள். 41.7 பற்றிப் பேசவில்லை. பத்தாவது உறையைத் திணித்ததில் பையின் ஜிப் பாதியில் நின்றுவிட்டது.