கிளாஸ் தண்ணியில தெரிஞ்ச வாடல்

இலவம்பாடி முள்ளு கத்திரிக்குப் புவிசார் குறியீடு கிடைச்சாச்சு. வாடல் நோய்க்கு அதெல்லாம் தெரியுமா?

மாமனார் கொல்லையில காலையில பச்சையா நின்ன செடி மத்தியானம் தொங்குது. இலையில மஞ்சளே இல்ல. "தண்ணி பத்தல மாப்ளே"ன்னு மடையைத் திருப்பினார். ஐயோ! வாடலைக் கொண்டு வர்ற ரால்ஸ்டோனியா பாக்டீரியாவா இருந்தா, பாய்ச்சுற தண்ணியோடதான் அடுத்த பாத்திக்கே போகும்.

ஒரு செடியப் புடுங்கி, தண்டை அடியில சாய்வா வெட்டி, கண்ணாடி கிளாஸ் தண்ணியில தொங்க விட்டேன். கொஞ்ச நேரத்துல வெட்டுவாயிலிருந்து பால் மாதிரி வெள்ளை நூல் இறங்குச்சு. பாக்டீரியா வாடல்தான்; பூஞ்சை வாடலா இருந்தா இப்படி வராது. மாமா கிளாஸை வெயிலுக்குத் தூக்கிப் பார்த்துட்டு பேசவே இல்ல.

இப்போ எந்தச் செடி தாங்குதுன்னு அந்த நோய் மண்ணுலயே சோதனை. நாலு ரகம், கூடவே சுண்டைக்காய் வேர்ல ஒட்டுக்கட்டின முள்ளு கத்திரி. ஒவ்வொரு வரிசைக்கும் பக்கத்துல சீக்கிரம் சாகுற நம்ம பழைய நாத்து கட்டாயம். அது சாகலைன்னா மத்தது பிழைச்சதுக்கு அர்த்தமே இல்லியே! மூணு இடத்துல மாத்தி மாத்தி நட்டிருக்கோம், ஒரு மூலையில மட்டும் நோய் குறைவா இருந்து ஏமாத்திடக் கூடாதுன்னு.

சாகணும்னே நட்ட செடிக்கு மாமா தெனம் ரகசியமா எரு வைக்கிறார்.