விழுந்தது யார்?

ஏப்ரல் 4
பள்ளி விடுமுறை. பாங்காக் வெயிலில் வெளியே தலைகாட்ட முடியாது, பக்கத்து வீட்டு அக்காவும் தங்கையும் காலையிலிருந்து எங்கள் வீட்டில்தான். சின்னவளுக்கு நாலு வயது. ஒரு பையன், ஒரு நாய், ஜாடியிலிருந்து தப்பிப் போன தவளை என்று வெறும் படங்களாகவே போகும் புத்தகத்தைக் கையில் கொடுத்துக் கதை சொல்லச் சொன்னேன். ஜன்னலிலிருந்து நாய் விழும் படத்தில் "தொக் லேவ்" என்றாள். தமிழில் "விழுந்தாச்சு" என்றால்தான் கிட்ட வரும். விழுந்தான், விழுந்தது என்று நான் எழுதினால் அவள் சொல்லாததைச் சேர்த்துவிடுவேன், ஏனென்றால் தாய்லாந்து மொழியின் வினையில் ஆண், பெண், அஃறிணை எதுவும் ஒட்டாது, எழுவாயையும் பெரியவர்களே சர்வசாதாரணமாக விட்டுவிடுவார்கள்.

ஏப்ரல் 6
இன்று படம் தெரியாதபடி எதிரே உட்கார்ந்து கேட்டேன். அப்போதும் பாதி இடத்தில் ஆளைச் சொல்லவில்லை, எனக்கும் தெரிகிறது என்றே நினைக்கிறாள். சொல்லும்போது மட்டும் உறவு வைத்துச் சொல்கிறாள்: பையன் "பீ", அண்ணன். தவளை "நோங் கொப்", தவளைத் தம்பி.

ஏப்ரல் 9
வளையிலிருந்து ஒரு பிராணி வந்து பையனின் மூக்கைக் கடிக்கிறது. "நூ கட்" என்றாள். நூ என்றால் எலி. குட்டிக் குழந்தைகள் "நான்" என்பதற்கும் அதையேதான் சொல்வார்கள். எலி கடித்தது என்றும் கேட்கலாம், நான் கடித்தேன் என்றும் கேட்கலாம். அக்கா உடனே, "நூ துவா நன்" என்று திருத்தினாள். அந்த எலி என்று அர்த்தம். துவா என்பது விலங்குகளை எண்ணும்போது, சுட்டும்போது வரும் சொல், மனிதருக்கு அது கொன். எலி என்பதையே விட்டு "துவா நன்" என்றாலும் பையன் இல்லை என்று புரிந்துவிடும். நம் வினைமுற்று விகுதி செய்கிற வேலையில் கொஞ்சத்தை இது செய்கிறது, எனக்கு இது பெரிய சந்தோஷம்!

ஏப்ரல் 16
சோங்க்ரான், அதாவது தாய்லாந்துப் புத்தாண்டு, முடிந்து ஊரிலிருந்து வந்துவிட்டார்கள். எட்டு வயது அக்கா எவ்வளவு அழகாகச் சொல்கிறாள்: முதலில் "தெக் கொன் நுங்", ஒரு பிள்ளை, அப்புறம் நாலைந்து வாக்கியத்துக்குப் பெயரே இல்லை, மான் வந்ததும் மறுபடி எல்லோருக்கும் பெயர். எங்கே விடலாம், எங்கே கூடாது என்பது கைவந்திருக்கிறது. சின்னவள் சாயங்காலம் போனில் பாட்டிக்கு அதே கதையைச் சொன்னாள். "தொக் லேவ்." பாட்டி "க்ரை?", யார் என்று கேட்க, புத்தகத்தைப் போனுக்கு நேராகப் பிடித்துக் காட்டினாள். மறுபடி "க்ரை?" கொஞ்ச நேரம் படத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் "மா" என்றாள். நாய்.