கச்சான் காற்றும் காரின் ஏர் ஃபில்டரும்

உச்சிப்புளியில் எங்கள் வீடு, இராமேசுவரம் செல்லும் நெடுஞ்சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆனியில், தென்மேற்குப் பருவத்தில் வீசும் கச்சான் காற்று ஏறிவிட்டால், ஆவணி வரை கொடியில் காய்ந்த துணியை இரண்டு முறை உதறித்தான் மடிக்க வேண்டும். இந்த ஆண்டு அந்தக் காற்றுக் காலத்தில் மட்டும், வெளியூரிலிருந்து வந்த உறவினர்களை ஏற்றிக்கொண்டு ஐந்து முறை தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை போய் வந்தேன். முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டிவிட்டால் இரு பக்கமும் கடல், நடுவே தார்ச்சாலை, அதன் மேல் கணுக்கால் உயரத்துக்கு மணல் ஓடிக்கொண்டே இருக்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டு நாம் உள்ளே உட்கார்ந்துகொள்ளலாம். எஞ்சினோ ஒரு லிட்டர் பெட்ரோலை எரிக்க ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்றை இழுத்தாக வேண்டும். அந்தக் காற்றோடு வரும் மணலைத் தடுப்பது ஏர் ஃபில்டர் என்ற ஒரே ஒரு மடிப்புக் காகிதம்தான்.

ஆவணியில் ஒரு நாள் நான்கு பேருடன் பாம்பன் பாலத்தின் ஏற்றத்தில் போகும்போது வண்டி வழக்கம்போல் இழுக்கவில்லை. மைலேஜ் குறையாததால் முதலில் ஏர் ஃபில்டரைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் வைத்த பழைய கார்களில் ஃபில்டர் அடைத்தால் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், கரும்புகையும் வரும். இப்போதைய கார்களில் உள்ளே வரும் காற்றை அளந்து அதற்கேற்பவே பெட்ரோல் தெளிக்கப்படுவதால், மைலேஜில் பெரிய மாற்றம் தெரியாது, இழுவைதான் குறையும். என் காரின் கையேடு 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. தூசி மிகுந்த இடங்களில் அதற்கு முன்பே பார்க்க வேண்டும் என்றும் அதே பக்கத்தில் இருக்கிறது. பட்டறையில் கடைசியாக மாற்றி 15,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது.

இராமநாதபுரத்தில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் காரின் மாடல், ஆண்டு, பெட்ரோல் வண்டி என்பது ஆகிய மூன்றையும் சொல்லி 350 ரூபாய்க்குப் புதிய ஃபில்டர் வாங்கினேன். ஒரே மாடலாக இருந்தாலும் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் ஃபில்டர் வேறுபடலாம் என்பதால் மூன்றையும் சொல்லிவிடுவது நல்லது.

மறுநாள் காலை எஞ்சின் குளிர்ந்திருந்தபோது பானெட்டைத் திறந்தேன். ஃபில்டர் பெட்டியின் மேல் விரலால் எழுதலாம் போல மணல் படிந்திருந்தது. மூடியைத் தூக்கினால் அத்தனையும் உள்ளே விழும் என்பதால், முதலில் ஈரத்துணியால் பெட்டியின் மேற்புறத்தையும் சுற்றியுள்ள இடத்தையும் துடைத்தேன். நான்கு கிளிப்புகளில் இரண்டு உப்புக் காற்றில் துருவேறி அசையவில்லை. அடுத்த வீட்டில் விசைப்படகு எஞ்சின் வேலை பார்க்கும் அண்ணன் சத்தம் கேட்டு வந்து, "இழுக்காதீங்க தம்பி, பிளாஸ்டிக் காது ஒடிஞ்சா பெட்டியே மாத்தணும்" என்றார். துருநீக்கி ஸ்ப்ரேயைத் துணியில் நனைத்துக் கிளிப்பில் மட்டும் தடவி, கால் மணி நேரம் பொறுத்துத் திருப்புளியால் மெல்ல நெம்பினோம், இரண்டும் வந்துவிட்டன.

பழைய ஃபில்டரை, மணல் சிந்தாமல் இருக்க, படுக்கைவாட்டிலேயே வெளியே எடுத்தேன். கருத்துப்போன காகித மடிப்புகளுக்குள் வெளுத்த மணல் வரிவரியாக நின்றது. இடையில் காய்ந்த கருவேல இலைத் துணுக்குகள், ஒரு பூச்சியின் சிறகு. செய்தித்தாளின் மேல் ஒருமுறை தட்டியதும் ஒரு தேக்கரண்டி மணலுக்குக் குறையாமல் உதிர்ந்தது. அது அதன் வேலையைச் செய்திருக்கிறது என்றுதான் அப்போது நினைத்தேன். பிறகுதான் ஃபில்டரின் ஒரு மூலையில் ரப்பர் விளிம்பு மடங்கியிருந்ததையும், அதே இடத்துக்கு நேராக, மூடியின் உட்புறத்தில், எஞ்சினுக்குப் போகும் வழியில், விரல் அகலத்துக்கு ஒரு பழுப்புக் கோடு இருந்ததையும் கண்டேன். தொட்டுத் தேய்த்தால் நறநறவென்றது.

பட்டறையில் சென்ற முறை மாட்டியவர் விளிம்பைப் பள்ளத்தில் சரியாக உட்கார வைக்காமல் மூடியை அழுத்தியிருக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை அது. அதைக் கவனிக்காததால் பல ஆயிரம் கிலோமீட்டர் தூரம் வடிகட்டாத காற்று உள்ளே போயிருக்கிறது என்று எண்ணியபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. நம் கடற்கரை மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்ற கனிமம். அது சிலிண்டரின் இரும்பைவிடக் கடினமானது. பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையில் சிக்கினால் கோடு விழும், பிறகு எஞ்சின் ஆயில் குடிக்கத் தொடங்கும்.

ஆகவே அன்றைய நேரத்தில் பாதி பெட்டியைத் துடைப்பதிலேயே போனது. எஞ்சின் பக்கக் குழாயின் வாயில் சுத்தமான துணி ஒன்றை அடைத்துவிட்டு, கீழ்ப்பெட்டியை வீட்டு வேக்யூம் கிளீனரால் உறிஞ்சி, மூடியின் உட்புறத்தை ஈரத்துணியால் மூன்று முறை துடைத்தேன். மூன்றாவது துணி வெள்ளையாகவே வந்தது. மூடியிலிருந்த சிறிய சென்சாரை மட்டும் துணியும் விரலும் படாமல் விட்டுவிட்டேன். அடைத்த துணியை மறந்துவிடக் கூடாது என்று அதன் நுனியை வெளியே தொங்கவிட்டிருந்தேன்.

டயர் கடையில் காற்றடித்துப் பழைய ஃபில்டரையே மீண்டும் மாட்டுவது நம் பக்கம் சாதாரணம். வெறும் தூசியென்றால், குறைந்த அழுத்தத்தில், சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கம் நோக்கி ஊதலாம். மணல் ஏறிய காகிதத்தில் அதைச் செய்வதை நான் ஏற்கமாட்டேன். கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழுந்தால், மணலுக்கு நாமே வாசல் திறந்துவிட்டதாகிவிடும். தண்ணீரில் அலசுவதும் காகித ஃபில்டருக்கு ஆகாது.

புதிய ஃபில்டரை வைத்து, ரப்பர் விளிம்பு பள்ளத்தில் முழுதும் அமர்ந்திருக்கிறதா என்று நான்கு பக்கமும் விரலால் வருடிப் பார்த்தபின், குழாயின் துணியை உருவிவிட்டு மூடினேன். கிளிப்புகளை எதிரெதிர் மூலைகளாக மாட்டி, ஒவ்வொன்றிலும் துளி கிரீஸ் தடவினேன். எஞ்சினை ஓடவிட்டுப் பெட்டியைச் சுற்றிக் காது கொடுத்துக் கேட்டேன். விசில் போன்ற சத்தம் எதுவும் இல்லை. தேதியையும் மீட்டர் அளவையும் மூடியின் மேல் மார்க்கரால் எழுதி வைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து, இன்னொரு அரிச்சல்முனைப் பயணத்துக்குப் பிறகு, மீண்டும் மூடியைத் திறந்து அதே மூலையில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். விரலில் எதுவும் ஒட்டவில்லை.