தோட்ட ஆப்பிஸ் கோப்புகளில் வெளியாட்களுக்கு எதுவரை அனுமதி?

சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்ட ஆப்பிஸ் ஒன்றின் கூகுள் டிரைவைச் சீர்படுத்தியபோது செய்தவற்றை இங்கே எழுதுகிறோம். மற்ற தோட்டங்களின் கெராணிகளுக்கும் (ஆப்பிஸ் எழுத்தர்களுக்கும்) பயன்படும்.

தோட்டத்துக் கணக்கைப் பூட்டியே வைத்திருக்க முடியாது. பழம் ஏற்றும் லோரிக் குத்தகையாளர் டன் கணக்கு கேட்பார். ஆள் கொண்டுவரும் குத்தகையாளருக்கு பெர்மிட் முடியும் தேதி வேண்டும். எம்.எஸ்.பி.ஓ. (மலேசியாவின் நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ்) தணிக்கைக்கு வருபவர்கள் உரப் பதிவையும் மருந்தடிப்புப் பதிவையும் பார்த்தாக வேண்டும். அதே டிரைவில்தான் தொழிலாளர்களின் ஐ.சி. (அடையாள அட்டை) எண், பாஸ்போர்ட் நகல், வங்கிக் கணக்கு எண் எல்லாம் கிடக்கின்றன.

முதல் வேலை, 'லிங்க் உள்ள எவரும்' என்று திறந்து கிடக்கும் கோப்புகளைத் தேடிப் பிடிப்பது. அப்படிப்பட்ட லிங்க் ஒருமுறை புலனக் (வாட்ஸ்அப்) குழுவுக்குள் போய்விட்டால் அது எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. திறப்பவர் பெயரும் தெரியாது. 'ரெஸ்ட்ரிக்டட்' என்று மாற்றியதும், பெயர் சேர்க்காதவர்களுக்குப் பழைய லிங்க் வேலை செய்யாது. ஆனால் கோப்புறையை மூடிவிட்டோமே என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. உள்ளே இருக்கும் ஒரு கோப்பைத் தனியாக லிங்க் போட்டுப் பகிர்ந்திருந்தால், அது திறந்தேதான் இருக்கும். அதனால் சம்பளம், பெர்மிட் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து 'ஷேர்' பட்டியலைப் பார்த்தோம். இதுதான் அதிக நேரம் பிடித்த வேலை, குறுக்குவழி கிடையாது.

அடுத்து, வெளியாட்களுக்கென்று தனிக் கோப்புறை. மூலக் கோப்புறைக்குள் யாரையும் விடுவதில்லை. கோப்புறையில் ஒருவரைச் சேர்த்தால் இன்றுள்ள கோப்புகளோடு நாளை போடப்போகும் கோப்புகளும் அவருக்குத் தெரியும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

கூகுள் ஷீட் விஷயத்தில்தான் அதிக ஏமாற்றம். ஐ.சி. எண் உள்ள பத்தியை மறைத்துவிட்டு அனுப்பினால் போதும் என்று பல ஆப்பிஸ்களில் நினைக்கிறார்கள். பார்ப்பவர் ஒரு நகல் எடுத்தால் மறைத்த பத்தியைத் திறந்துவிடலாம். பத்தியை அழித்தாலும், எடிட்டர் அனுமதி உள்ளவர் பழைய பதிப்புகளுக்குப் போய் அதைப் பார்த்துவிடுவார். எனவே லோரிக்காரருக்குப் புதிதாக ஒரு ஷீட் திறந்தோம்: தேதி, வயல் எண், லோரி எண், ஆலை எடைச்சீட்டு எண், நிகர எடை. ஐந்தே பத்தி. மூல ஷீட்டிலிருந்து 'இம்போர்ட்ரேஞ்ச்' (வேறொரு ஷீட்டின் தரவைக் கொண்டுவரும் சூத்திரம்) போட்டு இழுத்தால் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒருமுறை இணைப்புக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டால், புது ஷீட்டில் எடிட்டராக இருக்கும் யாரும் மூல ஷீட்டின் எந்தப் பகுதியையும் அதே வழியில் இழுத்துக்கொள்ளலாம். ஆகவே வெளியாளுக்கு 'வியூவர்' (பார்க்க மட்டும்) அனுமதிதான். அவர் எதையாவது நிரப்ப வேண்டுமென்றால் அதற்கு வேறு ஷீட் கொடுங்கள், மூலத்தோடு தொடர்பே இல்லாததாக.

பகிரும் பெட்டியின் மூலையில் உள்ள சக்கரத்தை அழுத்தினால் இரண்டு கட்டங்கள் வரும். எடிட்டர்கள் பிறரைச் சேர்க்கலாம் என்பது ஒன்று. பார்ப்பவர்கள் பதிவிறக்கலாம், அச்சிடலாம், நகலெடுக்கலாம் என்பது இன்னொன்று. வெளியே போகும் கோப்பில் இரண்டிலும் உள்ள டிக்கை எடுத்துவிடுகிறோம். திரையைக் கைப்பேசியில் படம் பிடிப்பதை இது தடுக்காது. அதனால்தான் என்ன பத்தி போகிறது என்பதே முக்கியம்.

ஆப்பிஸ் கணக்கில் (கூகுள் வொர்க்ஸ்பேஸ்) ஒவ்வொரு பெயருக்கும் காலாவதித் தேதி வைக்கலாம், அதிகபட்சம் ஓராண்டு. தணிக்கையாளருக்குத் தணிக்கை முடியும் நாள், குத்தகையாளருக்கு ஒப்பந்தம் முடியும் நாள். தேதி இல்லாமல் யாரையும் சேர்ப்பதில்லை. பெயரையும் மின்னஞ்சலையும் ஆளுக்கு ஆள் கேட்டு வாங்குங்கள். குத்தகையாளர் ஆப்பிஸின் பொது மின்னஞ்சலைக் கொடுத்தால், அங்கே வேலையை விட்டுப் போனவரும் உள்ளே நுழைவார்.

பல தோட்டங்களில் முக்கியக் கோப்புகள் கெராணியின் சொந்த ஜிமெயிலில் இருக்கின்றன, கோயில் திருவிழா வசூல் கணக்கோடு சேர்ந்தே. அவர் மாற்றலாகிப் போனால் உரிமை அவரோடு போய்விடும். சொந்தக் கணக்கிலிருந்து ஆப்பிஸ் கணக்குக்கு உரிமையை நேரடியாக மாற்ற முடியாது. நகலெடுத்து, பழையதை அவரை விட்டே அழிக்கச் சொல்ல வேண்டும். 'ஷேர்ட் டிரைவ்' (ஆப்பிஸ் கணக்கின் பொது டிரைவ்) வைத்துக்கொண்டால் கோப்பு நிறுவனத்துக்குச் சொந்தம், ஆள் போனாலும் நிற்கும்.

மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தப்படி, 2025 ஜூன் 1 முதல் பெரும் பாதிப்பு தரக்கூடிய தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். யாருக்கு எந்தக் கோப்பு போனது என்ற பட்டியல் கையில் இல்லாவிட்டால், அந்த நேரம் தேடுவதிலேயே போய்விடும். நிர்வாகப் பக்கத்தில் உள்ள டிரைவ் பதிவேட்டில் யார் எப்போது பகிர்ந்தார்கள் என்று பார்க்கலாம். அதைச் சம்பளம் முடிந்த மறுநாள் எடுத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை: உலாவியில் இன்காக்னிட்டோ சன்னலை (உங்கள் கணக்கில் நுழையாத தனிச் சன்னல்) திறந்து, முன்பு புலனத்தில் போன பழைய லிங்க்குகளை ஒவ்வொன்றாக ஒட்டிப் பாருங்கள். கணக்கில் நுழையச் சொல்லிக் கேட்டால் கதவு மூடியிருக்கிறது. கோப்பே திறந்தால், அதன் 'ஷேர்' பட்டியலுக்குத் திரும்பப் போக வேண்டும்.